முக்கூடல் வானத்தில் ஒரு சதுரம்

பினாங்கில் எங்கள் சட்டம் போடும் கடையின் முன்னறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அழுக்கேறிய நீர்வண்ணப் படம் ஒன்றைக் கண்ணாடியிலிருந்து பிரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். வெயில் படத்தைத் தாண்டி வந்து என் மூக்கின் மேல் ஒரு சின்னச் சதுரமாக விழுந்தது. வானத்தில் ஓட்டை.

ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும். படம் கடைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வாரிசு இல்லாமல் இறந்துபோன ஆறுமுகம் என்ற தமிழாசிரியரின் வீட்டுச் சாமான்களோடு மூட்டையில் வந்தது. மூன்று ஆறுகள் கூடும் இடம், மணல் திட்டு, கரையில் கோயில் மதில், மேலே மழை விட்ட வானம். எலி கடித்திருக்கும், காகிதம் ஒட்டிச் சாயம் தடவிவிடலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் உறைத்தது: சதுரத்தின் நான்கு பக்கமும் நேர்க்கோடு. எலிக்கு அடிக்கோல் பிடிக்கத் தெரியாது. யாரோ அளந்து, பிளேடால் வெட்டி, அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்துப் போயிருக்கிறார்கள். ஆற்றை விட்டுவிட்டு, கோயிலை விட்டுவிட்டு, வானத்தில் ஒரு கட்டைவிரல் அகலம் மட்டும் எதற்கு?

படத்தின் பின்புறம் பென்சிலில் மூன்று வரிகள் இருந்தன. ‘திருமுக்கூடல், மழை விட்டதும். குப்பித் தண்ணீர் தீர்ந்தது, ஆற்றில் எடுத்தேன். தரணி, காஞ்சீபுரம்.’ தாகத்துக்கு ஆற்று நீரைக் குடித்திருக்கிறார் பாவம் என்று நினைத்துக்கொண்டு, அட்டை வைத்துத் திரும்ப ஆணி அடித்தேன்.

முன்னறையை நான் படக்கூடமாக மாற்றி ஆறு மாதம் ஆகியிருந்தது. அதுவரை விற்றவை இரண்டு படங்கள். அதில் ஒன்றை வாங்கியவன் என் அண்ணன். “தரணி என்று ஒருவர் இருந்திருக்கிறார். அவருடைய படங்களைத் தேடிக் கொண்டுவந்து கண்காட்சி வைக்கப் போகிறேன்” என்று அவனிடம் சொல்லிவிட்டு, அன்று மாலையே சுவரில் வரிசையாக இருபது ஆணிகள் அடித்தேன். நண்பர்களிடமெல்லாம் தேதியும் சொல்லிவிட்டேன். “படம் வரும் வரைக்கும் துணி காயப் போட்டுக்கொள்” என்றான் அண்ணன்.

மதராஸில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். பார்த்தேன், ஒரே ஒரு நாள்.

*

காஞ்சீபுரம் பஸ்ஸில் ஐப்பசி மழையும் எங்களோடு ஏறிக்கொண்டது. ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, தார்ப்பாய்தான். அதை இறக்கினால் இருட்டு, ஏற்றினால் குளியல். படத்தை எண்ணெய்த் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“கண்ணாடியாமா அது?”

“படம்.”

“சாமி படமா?”

“இல்லைங்க, ஆறு.”

அவர் முன்சீட்டுக்காரரிடம் குனிந்து, “ஆத்தைப் படமாப் போட்டு மாட்டுவாங்களாம்பா, இவங்க ஊருல” என்றார். “அங்க ஆறு இருக்காது போல” என்றார் அவர். எங்கள் தீவைப் பற்றி அவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. எங்களுக்கு இருப்பது கடல்.

சாலையில் ஒரு புளியமரக் கிளை விழுந்து கிடந்தது. கண்டக்டர் இறங்கச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்துப் பேர் கிளையை இழுத்தார்கள், இருபது பேர் எப்படி இழுப்பது என்று சொன்னார்கள். பினாங்கு படகுத்துறையில் ஒரு கயிறு அறுந்தால்கூட அதற்கென்று உள்ள ஆள் வரும் வரை எல்லோரும் பொறுமையாக நிற்போம். இங்கே எல்லோருமே அதற்கென்று உள்ள ஆள். கால் மணியில் கிளம்பிவிட்டோம்.

லாட்ஜ் மேனேஜர் என் பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “தனியாவா வந்துக்கீறீங்க? கூட ஆம்பள யாரும் இல்லியா?” இல்லை என்றேன். கடைசியில் மாடியில் தன் குடும்பம் இருக்கும் பகுதிக்குப் பக்கத்து அறையைத் தந்தார். அவர் மனைவி சூடான ரசம் சாதம் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதை நான் சாப்பிட்டு முடிக்கும் வரை நின்று விசாரித்தார்.

சாப்பிட்டதும் ஊரைச் சுற்றினேன். படம், ஓவியம் என்றால் பட்டுக் கடைக்காரர்களுக்குத்தான் தெரியும் என்று நானே முடிவு செய்து கடை கடையாக ஏறி “தரணி என்று ஒரு ஓவியர்...” என்றேன். ஒவ்வொரு கடையிலும் ஓவியரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்துப் போட்டார்கள். ஒரு கடையில் பச்சைப் புடவை ஒன்று விரிந்ததும் பேச்சை மறந்தேன். வயல் பச்சையும் அல்ல, கிளிப் பச்சையும் அல்ல. குளத்து ஓரத்தில் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் இருக்கும் பச்சை.

“இது மாகறல் பச்சைம்மா” என்றார் விற்பனையாளர்.

“மாகறல்னா?”

“பக்கத்து ஊரு. பச்சைக்கு ஏன் அந்தப் பேருன்னு கேக்காதீங்க. சாயக்காரங்க வெச்சது, நாங்க சொல்லிக்கினு இருக்கோம்.”

நனைந்த கோழியாக லாட்ஜுக்குத் திரும்பி வந்து முறையிட்டபோது, மேனேஜர் காதைச் சொறிந்தார். “தரணியா? எங்க டிராயிங் வாத்தியாரு பேரு தரணேந்திரன். படத்துல தரணின்னு போட்டுக்குவாரோ இன்னாவோ. இந்தக் காதைத்தான் திருகுவாரு. எங்களுக்குப் பூசணிக்காயும் கூஜாவும்தான் போடச் சொல்லிக் குடுத்தாரு. அவரு ஆறெல்லாம் போடுவாரா?” வாத்தியார் இறந்து நான்கு வருடம் ஆகிறதாம். மகள் திருப்பருத்திக்குன்றத்தில் இருக்கிறாராம், பெயர் பத்மாவதி.

அப்போதே சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன். ஊர் எல்லையில் சங்கிலி கழன்றது. ரிக்‌ஷாக்காரர் அதை மாட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. ஜைனக் கோயிலுக்கு அடுத்த தெருவில் வீட்டைக் கண்டுபிடித்தபோது, உள்ளே ‘டக், டக்’ என்று சீரான சத்தம். முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் கீழே உட்கார்ந்து, நீள அட்டைகளில் உளியும் சுத்தியும் வைத்துத் துளை குத்திக்கொண்டிருந்தார். தறியில் கரைப்பூவை எழுப்புவது அந்த அட்டைகள்தான். துளை இருக்கும் இடத்தில் நூல் எழும், பூ விழும்.

எங்கள் ஊர் வழக்கப்படி “பசியாறிட்டீங்களா?” என்றேன்.

“பசியா? பொழுது போச்சுன்னா எங்க வீட்டுல வாயே தொறக்க மாட்டோம்மா, பேசறதுக்குத் தவிர” என்று சிரித்தார் பத்மாவதி. ஜைனக் குடும்பம், சூரியன் மறைந்தால் சாப்பாடு கிடையாது, அடுப்பும் கிடையாது. “உங்களுக்கு ஏது கட்டு? வாழப்பழம் இருக்குது, சாப்பிடுங்க.”

நான்கு பழம் சாப்பிட்டேன். பிறகு எண்ணெய்த் துணியைப் பிரித்தேன். சிம்னி விளக்கைப் பக்கத்தில் நகர்த்திப் பார்த்தவர், உளியைக் கீழே வைத்துவிட்டார்.

“முக்கூடல்” என்றார். “இது எப்படி உங்ககிட்ட?”

ஆறுமுகம் என்று பெயர் சொன்னேன். அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர், மலேயாவுக்குப் போனவர் என்றார். “அப்பா இந்தப் படத்தைப் போட்ட அதே வாரம் அவருக்குத் தூக்கிக் குடுத்துட்டாரு. நான் ஒரு தடவதான் பாத்திருக்கேன்.” விரலால் வானத்து ஓட்டையைத் தொட்டார். மற்ற படங்களைக் காலை வெளிச்சத்தில் காட்டுவதாகச் சொன்னார். எனக்கு எப்போது விடியும் என்றிருந்தது.

*

மறுநாள் காலை லாட்ஜ்காரர் மனைவி கோயில் இட்லி வாங்கித் தந்தார். கூடையில் வேகவைத்துத் துண்டு போட்டது, மிளகும் சுக்கும் நெய்யும் மணத்தது. இட்லி என்ற பெயரில் நாங்கள் பினாங்கில் சாப்பிடுவது இதற்குத் தூரத்து உறவுகூட இல்லை.

நான் போனபோது பத்மாவதி கிணற்றடியில் இருந்தார். கணவர் செங்கற்பட்டில் ஆசிரியர், சனிக்கிழமைதான் வருவாராம். குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, சேந்திய தண்ணீரை மெல்ல ஊற்றினார். குடம் நிறைந்ததும் துணியை அவிழ்த்து, வாளித் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைப் பதமாகக் கிணற்றுக்குள்ளேயே இறக்கினார்.

“துணியில தங்கினதுக்கும் உசிரு இருக்குதில்ல? அது எடத்துக்குப் போவணும். அப்பா இதுல ரொம்பக் கண்டிப்பு. படம் போடப் போனாக்கூட இந்தத் தண்ணியத்தான் ஒரு குப்பியில ஊத்தி சைக்கிள்ல மாட்டிக்கினு போவாரு. பிரஷ்ஷு அலசறதுக்கும் வடிகட்டின தண்ணிதான்.”

பிறகு தகரப் பெட்டியைத் திறந்தார். முப்பத்து நான்கு படங்கள். மாகறல் குளம், வேகவதிப் பாலம், இந்த ஊர்க் கோயிலின் மண்டபக் கூரை ஓவியங்களைக் கீழே படுத்தபடி பார்த்து வரைந்தவை, வெயில் காயும் நூல், ஈரமான எருமை முதுகு. அவசரமே இல்லாத கை. தண்ணீரைத் தாளில் விட்டு, அது போகிற வழியில் போகவிட்டு, சரியான நொடியில் நிறுத்தியிருந்தார். நான் மனசுக்குள் இருபது ஆணிகளிலும் படம் மாட்டி முடித்துவிட்டேன்.

அப்புறம்தான் பார்த்தேன். எல்லாவற்றிலும் சதுர ஓட்டை. சிலவற்றில் இரண்டு, மாகறல் குளத்தில் மூன்று.

“யாருக்கா இப்படி வெட்டினது?” கிட்டத்தட்டக் கத்திவிட்டேன்.

“அப்பாதான்.”

“அப்பாவா?”

“வேற யாரு? சாயக்கார கோதண்டண்ணா வந்து படத்தைப் பாப்பாரு. ‘வாத்தியாரே, இந்தப் பச்சையைப் பட்டுல எறக்கறேன், மாதிரி வேணும்’னுவாரு. அப்பா அடிக்கோலை வெச்சு வெட்டிக் குடுத்துடுவாரு. அப்பா பட்டு கட்ட மாட்டாரு, புழுவைக் கொல்றதுன்னு. ஆனா கலர் குடுக்க மாட்டேன்னு சொன்னதில்ல.” ஒரு படத்தைத் தூக்கி ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். “படம் வேணும்னு யாரும் கேக்கலம்மா. கலர் வேணும்னு ஒருத்தர் கேட்டாரு. கேட்டதைக் குடுத்தாரு.”

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். இருபது படங்கள், கடனாக, பினாங்கில் ஒரு மாதம். அவர் முகம் மூடிக்கொண்டது.

“அப்பா தவறிப்போன வருசமே மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தரு வந்தாரு. நல்லாத்தான் பேசினாரு, உங்கள மாதிரியே. ஆறு படம் எடுத்துக்கினு போனாரு. போனவரு போனவருதான்.” பெட்டியை மூடினார். “பாக்கணும்னா தெனம் வந்து பாருங்க. எடுத்துக்கினு போறதைப் பத்திப் பேசாதீங்க.”

*

வேறு வழி தெரியாமல் சாயக்காரரைத் தேடிப் போனேன், முக்கூடல் படத்தோடு. பத்மாவதியும் குத்தி முடித்த அட்டைகளைக் கொடுக்க அந்தப் பக்கம் போக வேண்டியிருந்ததால் கூடவே வந்தார்.

கோதண்டம் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர். முழங்கை வரை ஒரு கையில் நீலம், ஒரு கையில் குங்குமம். கொதிக்கும் தாமிர அண்டாவில் பட்டு நூல் சிட்டங்களைக் கழிகளில் தொங்கவிட்டுத் திருப்பிக்கொண்டிருந்தார். ஓரக்கண்ணால் பார்த்தபடியே பேசினார்.

“பத்மா, யாரு இது, நர்ஸ் அம்மாவா?”

“பினாங்குலேர்ந்து வந்துக்குது அண்ணா. படக்கடை வெச்சிருக்குது. அப்பா படத்தைக் கொண்டாந்துருக்குது.”

“வாத்தியாரு செத்தப்புறம் கடல் தாண்டிட்டாரா!” கழியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைக்காமலே உள்ளே போய் நீள நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பக்கத்துக்கு ஒரு சதுரம் ஒட்டியிருந்தது. பக்கத்திலேயே இரண்டு துளை போட்டு அதே நிறப் பட்டு நூல் முடிந்திருந்தது. கீழே பெயர். ‘வேகவதிச் சாம்பல்.’ ‘குன்றத்து மஞ்சள்.’ ‘எருமை முதுகு’. (“கடைக்காரன் இதை மயில் கழுத்துன்னு விக்கறான், விக்கட்டும்.”) அடுத்த பக்கத்தைத் திருப்பினார். நேற்றுக் கடையில் என் வாயை அடைத்த பச்சை.

மாகறல் பச்சை! காது திருகியதைத் தவிர வேறொன்றும் ஞாபகம் இல்லாத இந்த ஊரில், பாதிக் கல்யாணப் பெண்கள் அவர் தண்ணீரில் கலந்த நிறத்தை உடுத்திக்கொண்டு மணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனைகள் உடனேதான் வரும். “ஐயா, இந்தத் துண்டுகளையெல்லாம் தாங்க. திரும்பப் படத்துலேயே பொருத்தி ஒட்டிடுறேன், வெட்டினதே தெரியாது.”

கோதண்டம் பத்மாவதியைப் பார்த்தார். “பொண்ணு படிச்சதா?”

“பி.ஏ.வாம்.”

“நாளைக்கு ஒருத்தி வந்து மாகறல் பச்சை வேணும்னா, நான் மாதிரிக்கு பினாங்குக்கா ஓடுவேன், பாப்பா? இது என் தொழிலு. எடுத்துக் குடுத்தா என் கையை வெட்டிக் குடுத்த மாதிரி.”

வாயை மூடிக்கொண்டு நோட்டைப் புரட்டினேன். கடைசிக்கு முந்திய பக்கத்தில் ஒரு சதுரம். ஊதாவும் அல்ல, சாம்பலும் அல்ல. உள்ளுக்குள் எங்கோ கொஞ்சம் செம்மண். பக்கத்தில் இரண்டு துளைகள் மட்டும். நூல் இல்லை. பெயர் இருந்தது: ‘முக்கூடல்.’

படத்தைத் துணியிலிருந்து பிரித்து, நோட்டின் பக்கத்தில் வைத்தேன். அதே வானம்தான்.

“அந்த ஒண்ணு மட்டும் வரல” என்றார் கோதண்டம்.

“என் கல்யாணத்துக்கு அந்தக் கலர்லதான் புடவைன்னு சொன்னாரு இவரு” என்றார் பத்மாவதி. “பதினோரு தடவ போட்டாரு. ஒண்ணு கத்திரிக்காயா வந்துது, ஒண்ணு நாவப்பழமா வந்துது. முகூர்த்தம் கிட்ட வந்துடுச்சி. கடைசில அரக்குதான் கட்டினேன், ஊருல எல்லாரையும் போல.”

“அதையே சொல்லிக்கினு இரு.”

“சொல்லாம? ஆயுசுக்கும் சொல்லுவேன்.” என் பக்கம் திரும்பினார். என்ன தோன்றியதோ, கண்ணில் குறும்பு வந்தது. “இப்படி வெச்சுக்கலாமா? கோதண்டண்ணா இந்தக் கலரை எறக்கிக் காட்டட்டும். அன்னிக்கு உனக்கு இருபது படம் தர்றேன்.”

அதற்குள் ‘நீங்கள்’ ‘நீ’ ஆகியிருந்தது. ஆனாலும் அது முடியாது என்பதை மரியாதையாகச் சொல்லும் வழி என்று எனக்கும் புரிந்தது. கோதண்டத்துக்கு மட்டும் புரியவில்லை, அல்லது புரியாதது போல இருந்துவிட்டார். “பேச்சு பேச்சா இருக்கணும்” என்றார்.

*

மூன்றாம் நாள் முழுக்கக் கோதண்டத்தின் சாயப் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். லாட்ஜ்காரர் பொட்டலம் கட்டித் தந்த புளிச்சாதத்தைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். மதியத்தோடு மழை நின்றது. மூன்று சிட்டங்கள் சாயத்தில் இறங்கி ஏறின. ஈரத்தில் மூன்றும் ‘வந்துவிட்டது’ என்று தோன்றும். காயக் காயக் கத்திரிக்காய் ஆகிவிடும். நீர்வண்ணமும் இப்படித்தான், ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் என்றேன். “வாத்தியாரும் அதையேதான் சொல்வாரு” என்று மூக்கைச் சிந்தினார்.

“எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன் பாப்பா. ஊதாவைக் கொறச்சு, கறுப்பைக் கூட்டி, காவி சேத்து. அவங்க வீட்டுக் கெணத்துலேர்ந்தே தண்ணி கொண்டாந்து, அவரு செய்யற மாதிரியே துணியில வடிகட்டி, அதுலயும் போட்டுப் பாத்தேன். வாத்தியாரு அந்தக் குப்பித் தண்ணியைத் தவிர வேற தண்ணியத் தொட மாட்டாரே.”

நான் சும்மாதான் சொன்னேன், பேச்சுக்குப் பேச்சாக. “அன்னிக்குத் தொட்டிருக்காரே. குப்பித் தண்ணி தீர்ந்துபோய் ஆத்துல எடுத்துக் குடிச்சிருக்கார்.”

கழி நின்றது.

“யாரு சொன்னா?”

“பின்னால எழுதியிருக்கு.”

“எதுக்குப் பின்னால?”

“படத்துக்குப் பின்னால.”

“ரெண்டு நாளா இதை வயித்துலயா வெச்சிருந்தே?” என்று கத்திக்கொண்டே இடுக்கியைத் தூக்கிவந்தார். பினாங்கில் நான் ஆசை ஆசையாக அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அட்டையை எடுத்ததும் பென்சில் வரி. எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார்.

“குடிச்சேன்னு எங்க போட்டிருக்குது?”

போடவில்லை. ‘ஆற்றில் எடுத்தேன்’ என்றுதான் இருந்தது. குடித்தார் என்பது என் சொந்தச் சரக்கு.

“பொழுது போனா தண்ணிகூடக் குடிக்காத மனுசன் ஆத்துல வாய் வெப்பாரா? பிரஷ்ஷுக்கு எடுத்திருக்காரு. மழை விட்ட அன்னிக்கு, செம்மண்ணு ஓடற தண்ணியில, வடிகட்டாம.” அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். “மண்ணுத் தண்ணி பட்டா சாயம் மங்கிடும்னு நாங்க தலைமொறையா பயந்துக்கினு இருக்கோம் பாப்பா. ஒரு துளி கலங்கல் இருந்தாக்கூட அண்டாவைக் கவுத்துடுவேன். அந்த மங்கலைத்தான் பதினாலு தடவையா வடிகட்டி வடிகட்டி வெளில ஊத்திக்கினு இருந்தேன்!”

அண்டாவின் கீழ் நெருப்பை இழுத்துவிட்டு, சைக்கிளை எடுத்தார். பின்னால் நான், மடியில் படம். வேலை நேரத்தில் அவர் பட்டறையை விட்டு வெளியே வந்து தெருவில் யாரும் பார்த்ததில்லையாம். “யாருக்குன்னா ஒடம்பு சரியில்லியா?” என்று இரண்டு வீட்டில் கேட்டார்கள்.

பத்மாவதி அட்டை குத்திக்கொண்டிருந்தார். படத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தோம். சுத்தியைப் பிடித்தபடியே படித்தார்.

“அப்பா கையெழுத்துதான்.” பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். “ஒரு நாள் ஒரு சொம்புத் தண்ணி வடிகட்டலன்னு எங்கம்மாகிட்ட ரெண்டு நாள் பேசல இந்த மனுசன். ரெண்டு நாள்!” முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “வானம் மாறிடும்னு இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து தண்ணி எடுத்துக்கினு திரும்பிப் போறதுக்குள்ள கலர் போயிருக்கும்.”

பிறகு மெதுவாகச் சொன்னார்: “அதான் இந்தப் படத்தை மட்டும் அவ்வளோ அவசரமாக் குடுத்துட்டாரா?”

பதில் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் பென்சிலால் எழுதி வைத்ததோடு நிறுத்திக்கொண்டார். மறைக்க நினைத்தவர் எழுதியிருக்க வேண்டாமே என்று எனக்குத் தோன்றியது. படம் எப்படி வந்தது என்பதை நிறத்துக்காக உள்ளபடி எழுதி வைத்திருக்கிறார்.

“சரி, பேச்சு பேச்சுதானே?” என்றார் கோதண்டம்.

“மொதல்ல கலர் எறங்கட்டும். மண்ணுத் தண்ணியில பட்டு பாழாப் போச்சின்னா?”

“ஒரு சிட்டம்தானே? போனாப் போவுது.”

*

இதை லாட்ஜ் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் முதல் பஸ்ஸுக்குத் திருமுக்கூடல் போகிறோம். மழை நின்றுவிட்டதுதான் கவலை. இரண்டு நாளில் ஆறு தெளிந்துவிடும், அதற்குள் எடுத்தாக வேண்டும் என்கிறார் கோதண்டம். மூடி போட்ட தகர டின் இரண்டு தயாராக இருக்கிறது. ஒன்று மேனேஜர் கொடுத்தது. “என் காதைத் திருகினதுக்கு என் டின்லயே அவருக்குத் தண்ணி எடுக்கறீங்க” என்றார், ஆனால் கழுவித்தான் கொடுத்தார். தண்ணீர் டின்னைக் கண்டக்டர் ஏற்றுவாரா என்று தெரியாது. என் பக்கத்து சீட்டுக்கும் டிக்கெட் எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். திரும்பியதும் நேரே அண்டா.

நிறம் இறங்கினால் இருபது படங்கள் என்னோடு கப்பல் ஏறும். ஓட்டைகளை ஒட்டப் போவதில்லை. ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் அந்த ஓட்டையிலிருந்து பிறந்த பட்டு நூலைத் தொங்கவிடப் போகிறேன், கோதண்டம் நோட்டில் செய்தது போலவே. அதற்கு ஆணிகள் இன்னும் இருபது வேண்டும். இறங்காவிட்டால் அண்ணன் துணி காயப் போட்டுக்கொள்ளட்டும். முக்கூடல் படத்தை எப்படியும் பத்மாவதியிடமே விட்டுவிட்டு வருவேன் என்று முடிவு செய்திருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் பேரம் என்று நினைப்பார்.

அவரும் எங்களோடு வருகிறார். அப்பா உட்கார்ந்த இடத்தைப் பார்த்ததில்லையாம். இன்று மாலை நாங்கள் கிளம்பும்போது, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அந்த வெள்ளைத் துணியை எடுத்து நான்காக மடித்தார். பையில் வைக்கப் போகிறார் என்று பார்த்தேன். அலமாரியைத் திறந்து உள்ளே வைத்தார்.

“நாளைக்கு உனக்கு லீவுடி” என்றார் துணியைப் பார்த்து.